வெளியேற வேண்டியது அவள்தானா? மட்டக்களப்பு, அம்பாறையில் கிடைக்கும் வீட்டுச் சேவைகள் பற்றி

வீட்டு வன்முறைக்கு ஆளான ஒரு பெண் உதவி கேட்டு வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி, "இவளை எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்பதுதான். பொலிஸிலும் அதே கேள்வி, ஆஸ்பத்திரியிலும் அதே கேள்வி. அவளுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறதா, அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த மதிப்பீடு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. இலங்கையின் கிழக்கிலுள்ள இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒரு பெண் தட்டக்கூடிய நான்கு கதவுகளை எடுத்துக்கொள்கிறோம்: நீதவான் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளை, பாதுகாப்பு இல்லம், வாடகை வீடு, பிரதேச செயலகம். நான்குக்கும் அளவுகோல் ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து அவளும் பிள்ளைகளும் அதே கூரையின் கீழ் இருப்பார்களா?

கிழக்கில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் பழைய வழக்கம். தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரிடமும் இது இருக்கிறது. தாய் தன் வளவில் ஒரு துண்டைப் பிரித்து மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பாள். இல்லாவிட்டால் இருக்கும் வீட்டையே மகளுக்கு விட்டுவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்வாள். ஆகவே நடுச்சாமத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் பல வேளைகளில் தன் சொந்தச் சீதன வீட்டிலிருந்துதான் ஓடுகிறாள். அடித்தவன் அந்த வீட்டிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிறான்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை இங்குள்ளவர்களுக்குச் செல்லாது. அங்கே மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களுக்கு நாட்டின் பொதுச் சட்டம் பொருந்துகிறது. 1923ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி மனைவியின் சொத்து மனைவியுடையது, அதை ஆள அவளுக்குக் கணவனின் கையெழுத்துத் தேவையில்லை. "புருஷன் சைன் வைக்காம ஒண்டும் செய்யேலா" என்று யாராவது சொன்னால் அவர் வேறு மாகாணத்துச் சட்டத்தை இங்கே இறக்குமதி செய்கிறார்.

ஆனால் வழக்கம் வேறு, உறுதி வேறு. கலியாணப் பேச்சில் வாயால் கொடுத்த வீட்டுக்கு உறுதி எழுதப்படாமலே பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருக்கும். சில உறுதிகளில் மாப்பிள்ளை பக்கம் கேட்டதற்காக இருவர் பெயரும் ஏறியிருக்கும். வேறு சிலவற்றில் பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு நன்கொடை எழுதியிருப்பார்கள். அது நல்லது, மகளை மிரட்டிக் கையெழுத்து வாங்கினாலும் பெற்றோர் அங்கே வசிப்பதை யாரும் தடுக்க முடியாது. பெரிய ஓட்டை 2004 சுனாமிக்குப் பிறகு வந்தது. தாய்வழியாக வந்த வளவைக் கடல் கொண்டுபோனது. மாற்றுக் காணியும் வீடும் வந்தபோது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற கட்டத்தில் கணவன் பெயர் எழுதப்பட்டது. கரையோரத்தில் பல பெண்கள் தங்கள் தாய்வீட்டு உரிமையை இழந்தது அந்த ஒரு கட்டத்தில்தான். குடியேற்றத் திட்டங்களில் அரச உத்தரவுப் பத்திரம் உள்ள காணிகளிலும் பெரும்பாலும் ஆண் பெயரே இருக்கிறது.

இதனால் எந்தக் கதவைத் தட்டுவதற்கு முன்னும் செய்ய வேண்டிய வேலை, காணிப் பதிவகத்தில் தேடுதல் போடுவது. உறுதியின் இலக்கமும் திகதியும், எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். மூல உறுதியை அவன் எடுத்துக்கொண்டு போனாலும், எரித்தாலும் உரிமை போகாது. பதிவான உறுதிக்கு அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இந்த ஒரு தகவல் தெரியாமல் "உறுதி அவர்ட்ட இருக்கு" என்று சொல்லியே வருடக்கணக்காகப் பயந்திருப்பவர்கள் உண்டு.

பாதுகாப்புக் கட்டளை: பத்துக்கு எட்டு

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எல்லோரும் "அடிக்கக் கூடாது என்று கோட்டில எழுதி வாங்குறது" என்று நினைக்கிறார்கள். எங்கள் பார்வையில் இந்த இரு மாவட்டங்களிலும் உள்ள மிகச் சிறந்த வீட்டுச் சேவை அதுதான். காசு கட்டி வாடகை எடுக்காமல், பிள்ளையின் பள்ளியை மாற்றாமல், அவள் இருந்த வீட்டிலேயே இருக்க வைக்கும் வேறொரு சேவை இங்கில்லை.

விண்ணப்பத்தை அவளே கொடுக்கலாம், அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கொடுக்கலாம். மட்டக்களப்பு, வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று நீதவான் நீதிமன்றங்கள் இருக்கின்றன. அவள் வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், அவன் வசிக்கும் இடம், வன்முறை நடந்த இடம் ஆகிய எந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலும் போடலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து தப்பிக் கல்லடியில் ஒளிந்திருப்பவள் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் போட்டால், அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பதை அழைப்பாணையே அவனுக்குச் சொல்லிவிடும். ஒளிவிடம் முக்கியம் என்றால் பழைய வீடு இருக்கும் எல்லையிலேயே போடுவது நல்லது.

விண்ணப்பத்தோடு சத்தியக்கடதாசி இணைத்தால் வேலை வேகமாக நடக்கும். நீதவான் உடனே பார்த்து இடைக்காலக் கட்டளை கொடுக்கலாம். விசாரணைக்கு 14 நாட்களுக்குள் திகதி குறிக்க வேண்டும். விசாரணைக்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லும், நீடிக்கவும் கேட்கலாம். மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கணவன் மட்டும் என்று நினைக்க வேண்டாம். முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்ந்தவன், மாமியார், மச்சான் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். மதம், சாதி வேறுபாடு இல்லை. முஸ்லிம் பெண்ணுக்குத் தாபரிப்பு (கணவன் கொடுக்க வேண்டிய பராமரிப்புப் பணம்) காதி நீதிமன்றத்தில் என்றாலும், பாதுகாப்புக் கட்டளை எல்லோருக்கும் போல நீதவான் நீதிமன்றத்தில்தான்.

இரண்டு புள்ளியை ஏன் குறைத்தோம்? கேட்டதுதான் கிடைக்கும். "அடிக்கிறார், பாதுகாப்புத் தாருங்கள்" என்று மட்டும் எழுதினால், அடிக்காதே என்று மட்டும் கட்டளை வரும். அன்றிரவே இருவரும் ஒரே கதவால் வீட்டுக்குள் போவார்கள். விண்ணப்பத்தில் தனித்தனியாக எழுத வேண்டியவை உண்டு. இன்ன இலக்க வீட்டுக்குள், இன்ன ஒழுங்கையில், இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில் அவன் நுழையக் கூடாது. அவள் வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளிக்கூடம், ரியூசன் வகுப்பு ஆகியவற்றுக்கும் வரக் கூடாது. குடியிருக்கும் வீட்டை அவளை நடுத்தெருவில் விடும்படி விற்கவோ, கைமாற்றவோ, ஈடு வைக்கவோ கூடாது. அவசரப் பண உதவி கொடுக்க வேண்டும். அவன் கத்தி, வாள், வேறு ஆயுதம் வைத்திருந்தால் பொலிஸ் அதைக் கைப்பற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்காவிட்டால் யாரும் தானாகக் கொடுப்பதில்லை.

கட்டளை வந்த அன்றே அதன் பிரதியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு ஒன்றைக் கைப்பையிலும், இன்னொன்றைப் பக்கத்து வீட்டிலும் வைக்க வேண்டும். பொலிஸுக்குக் கட்டளை போகும் என்பது உண்மைதான். ஆனால் இரவு 11 மணிக்குக் கடமையில் இருக்கும் உத்தியோகத்தருக்கு அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரிந்திருக்காது. இலக்கத்தோடு வழக்கைச் சொன்னால்தான் ஜீப் புறப்படும்.

முறைப்பாடு தமிழில் எழுதப்பட வேண்டும். வடக்கு, கிழக்கில் தமிழ் நிருவாக மொழி. சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டால், வாசித்து விளங்கப்படுத்தாமல் வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். "புள்ள, இந்த முறை மட்டும் பொறுத்துக்க, நாங்க அவனுக்குச் சொல்றம்" என்று சமாதானம் பேசி அனுப்புவது இன்னும் போகவில்லை. கோயில் வண்ணக்கரும் (நிர்வாகிகளும்) பள்ளிவாசல் நிர்வாகமும் அதையே செய்கிறார்கள். சமாதானக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால் பிறகு நீதிமன்றத்தில் அதைத்தான் முதலில் காட்டுவான்.

எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. கழுத்தை நெரித்தவன், கொல்லுவேன் என்று ஆயுதத்தோடு நின்றவன், கட்டளையை ஏற்கெனவே மீறியவன் என்றால் வீட்டில் இருந்து காத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கவே கூடாது. குறிப்பாகக் கழுத்தை நெரித்தது. வெளியே காயம் தெரியாமல் இருக்கும். அப்படி நெரித்தவன் பிறகு உயிரையே எடுக்கக்கூடும். அந்தப் பெண்ணுக்கு முதலில் ஆஸ்பத்திரி, மறுகாதான் மற்றதெல்லாம். அரச ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளானவர்களுக்காக உள்ள நட்பு நிலையத்தில் கேட்டால் ஆலோசனையும் மற்றச் சேவைகளுக்கு வழிகாட்டலும் கிடைக்கும்.

பாதுகாப்பு இல்லம்: பத்துக்கு ஆறு

உயிர் தப்ப இதைவிட வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு, அதற்காகவே ஆறு. பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போகலாம். 1938 என்ற பெண்களுக்கான தேசிய உதவி இலக்கத்தில் அழைத்தாலும் வழி சொல்வார்கள். முகவரியை வெளியில் சொல்வதில்லை, அதுவே அதன் பலம்.

பலவீனமும் அங்கேதான். கைத்தொலைபேசிக்குக் கட்டுப்பாடு இருக்கும், வேலைக்குப் போய்வர அனுமதி கிடைப்பது கடினம், வளர்ந்த ஆண் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பதின்மூன்று வயது மகனை மாமன் வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் மகளும் மட்டும் உள்ளே போவதுண்டு. அந்த மகனைத் தேடித் தகப்பன் மாமன் வீட்டுக்குப் போவான், தாய் மறுநாளே வெளியே வந்துவிடுவாள். போவதற்கு முன் கேட்க வேண்டியவை நான்கு: ஆண் பிள்ளையின் வயது எல்லை, தங்கக்கூடிய காலம், வேலைக்குப் போகலாமா, வெளியேறும்போது எங்கே அனுப்புவீர்கள். நான்காவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், உள்ளே போன முதல் கிழமையே அடுத்த வீட்டைத் தேடத் தொடங்க வேண்டும்.

வாடகை வீடு: எடுத்தால் நல்லது, வைத்திருப்பதுதான் கஷ்டம்

மூன்று மாதமோ ஆறு மாதமோ அட்வான்ஸ் கேட்பார்கள். மாதம் 15,000 என்று வைத்தால் ஆறு மாத அட்வான்ஸும் முதல் மாத வாடகையுமாகக் கைக்கு 105,000 வேண்டும். தையல், கடை வேலை, ஆடைத் தொழிற்சாலை என்று சம்பளம் வாங்கும் ஒருத்திக்கு அது மலை. உதவி அமைப்புகள் முதல் மாத வாடகையைக் கொடுத்துவிட்டுக் கையை விரிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரே தொகை என்றால் அதை அட்வான்ஸாகக் கொடுங்கள். வீட்டை விடும்போது அது திரும்பி வரும், அடுத்த வீட்டுக்கு உதவும்.

வீட்டுக்காரரின் முதல் கேள்வி "அவர் எங்க?" என்பதாகத்தான் இருக்கும். "வெளிநாட்டில" என்று சொல்லி எடுத்தால், இரண்டு மாதத்தில் அவன் வாசலில் வந்து கத்தும் அன்று பொய்யும் வெளிவரும், வீடும் போகும். "பிரிஞ்சிருக்கம், கோட்டுக் கட்டளை இருக்கு, அவர் இங்க வந்தா பொலிஸுக்குச் சொல்லலாம்" என்று முதலிலேயே சொன்னால் நாலு பேர் தரமாட்டார்கள். தரும் ஐந்தாவது ஆளின் வீடு நிலைக்கும்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரெங்கும் இருக்கிறது. முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையெழுத்து வைத்தால் ஒரு வருடக் குத்தகை என்று நினைக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அவள் மாதாமாதம் இருப்பவள் மட்டும்தான். நொத்தாரிசுச் செலவு இருக்கும், ஆனால் அட்வான்ஸ் கொடுத்த ஒருவருக்கு அது தேவையான செலவு. கூடவே ஒரு சீஆர் கொப்பி வாங்கி ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுத்த திகதிக்கு எதிரே வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். வந்த நாளில் மின்சார மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் படம் எடுத்து வையுங்கள். பழைய குடித்தனக்காரரின் பாக்கியை இவள் தலையில் கட்டுவது வழமையான கூத்து.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவரைவிடப் பின்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் பழைய வீடுகளில் குசினி தனியாக, மலசலகூடம் வளவின் மூலையில், கிணறு இன்னொரு மூலையில். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வயிற்றால் போனால் தாய் கதவைத் திறந்து இருபது அடி இருட்டில் நடக்க வேண்டும். தாக்க வருகிறவன் காத்து நிற்பது அந்த இருட்டில்தான். உள்ளேயே மலசலகூடம் உள்ள ஒற்றை அறை, வெளியே மலசலகூடம் உள்ள மூன்று அறையைவிட மேல். குசினிக் கதவின் தாழ்ப்பாளை ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள், முன்கதவு தேக்காகவும் பின்கதவு தகரமாகவும் இருக்கும். கைத்தொலைபேசிக்குச் சிக்னல் வீட்டுக்குள் இருக்கிறதா, ஓட்டோ வளவு வாசல் வரை வருமா, சத்தம் போட்டால் கேட்கும் தூரத்தில் வீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆளுயர மதில் பாதுகாப்பு என்று பலர் நினைப்பார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதால் எங்களுக்குக் கம்பி வேலிதான் பிடிக்கும்.

ஆவணியில் பார்க்கும் வீடு எல்லாம் காய்ந்துதான் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் அந்த ஒழுங்கையில் தண்ணி எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். வெள்ளத்தில் வெளியேறும் பெண் பாடசாலை முகாமுக்குப் போவாள், அங்கே ஊரே வரும், அவனும் வருவான்.

வாடகைத் திகதியைச் சம்பளத் திகதிக்கு மூன்று நாள் பிறகு வையுங்கள். நுண்கடன் இருந்தால் குழுத் தலைவியிடம் புதிய முகவரியைக் கொடுப்பதற்கு முன் கிளை முகாமையாளரிடம் நேரில் பேசி, வசூலைக் கிளையிலேயே கட்டுவதாக மாற்றிக்கொள்ளுங்கள். கிழமைக்கொருமுறை மோட்டார் சைக்கிளில் வரும் வசூல்காரரைப் பின்தொடர்ந்து வீட்டைக் கண்டுபிடிப்பது மிகவும் எளிது. பிள்ளையின் விடுகைப் பத்திரத்திலும் அதே ஓட்டை. புதிய பள்ளிக்கூடத்தின் பெயரைத் தகப்பனுக்குச் சொல்லக் கூடாது என்று அதிபருக்குக் கட்டளையின் பிரதியோடு கடிதம் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னால் அலுவலகத்தில் இருப்பவர் மறந்துவிடுவார்.

தாபரிப்பை வாடகைக் கணக்கில் முழுதாக நம்பக் கூடாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் கட்டளை கொடுப்பார், சம்பளக்காரன் என்றால் சம்பளத்திலிருந்து பிடிக்கவும் வழி உண்டு. மேசன், மீன்பிடி, கூலி என்றால் இரண்டு மாதம் வரும், மூன்றாம் மாதம் பிடியாணை எடுக்க வேண்டிவரும். வாடகைக்கு வேறு வருமானம், தாபரிப்புப் பணம் வந்தால் அடுத்த வீட்டுக்கான அட்வான்ஸுக்கு என்று பிரித்து வைத்தால் தடுமாற்றம் குறையும்.

பிரதேச செயலகம்: பத்துக்கு ஐந்து

பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், காணி உத்தியோகத்தர் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் மேசையிலிருந்து அடுத்தவர் மேசைக்குக் கோப்புத் தானாகப் போகாது. அவளே காவிக்கொண்டு போக வேண்டும். அஸ்வெசும என்ற அரச நலன்புரிப் பணம் கணவனின் வங்கிக் கணக்குக்குப் போகிறதென்றால், பிரிந்து வாழ்வதைக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடும் நீதிமன்றக் கட்டளையோடும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் வாங்காமல் வெளியே வரக் கூடாது.

வீட்டுத்திட்டத்தில் பெயர் வேண்டும் என்றால் முதலில் காணி வேண்டும். காணியில்லாதவளின் பெயர் பட்டியலில் ஏறினாலும் நகராது. அரச உத்தரவுப் பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, அங்கேதான் மனைவிக்கு ஒரு பிடி இருக்கிறது. அவன் காணியைக் கொடுக்கப் போகிறான் என்று காதில் விழுந்த உடனே, உத்தரவுப் பத்திர இலக்கத்தோடு ஆட்சேபனைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் பிரதேச செயலாளருக்கு அனுப்புங்கள். உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் கேவியட் (காணியைக் கைமாற்றும் உறுதி பதிவுக்கு வந்தால் தனக்கு அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்) போட முடியுமா என்று சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

கடைசியாக ஒரு திகதிக் கணக்கு. பாதுகாப்புக் கட்டளையும் வாடகை ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் எடுக்கப்படுவதால் இரண்டும் ஒரே மாதத்தில் முடிகின்றன. வீட்டுக்காரர் புதுப்பிக்கும்போது "கட்டளை இன்னும் இருக்கா?" என்று கேட்பார், அந்த நேரம் கையில் ஒன்றும் இருக்காது. கட்டளையைப் பத்தாவது மாதத்திலேயே நீடிக்கக் கேளுங்கள், ஒப்பந்தத்தை முதல் தடவையே 14 மாதத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.